கணக்கு மேசை: பெருக்கினால் உள்ளே, வகுத்தால் வெளியே

இந்த முறை பல்லுறுப்புக்கோவைகளின் அடைவுப் பண்பு பற்றி வந்த கேள்விகள் மட்டும். அச்சு வசதிக்காக மாறியை 'ம' என்று போட்டிருக்கிறோம். நோட்டில் வழக்கம்போல எக்ஸ் என்றே எழுதிக்கொள்ளுங்கள். முழு எண்கள் என்றால் 0, 1, 2, 3…. முழுக்கள் என்றால் குறை எண்களும் சேர்த்து. இலங்கை வாசகர்கள் பல்லுறுப்புக்கோவை என்று வரும் இடத்திலெல்லாம் பல்லுறுப்பி என்று வாசித்துக்கொள்ளலாம்.

'கூட்டலில் பல்லுறுப்புக்கோவைகளுக்கு அடைவுப் பண்பு உண்டு என நிறுவுக' என்ற கேள்விக்கு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இரண்டு கோவைகளைக் கூட்டிக் காட்டினாள். கூட்டல் சரி. ஆனாலும் ஐந்துக்கு ஒரு மதிப்பெண்தான் கிடைத்தது. கூட்டிக் காட்டினால் போதாதா?
— ஒரு தாய், கும்பகோணம்

போதாது. அந்த ஒரு மதிப்பெண்ணும் தாராளம்தான். அடைவுப் பண்பு 'எப்போதும்' என்ற சொல்லின் மேல் நிற்கிறது. கணத்திலிருந்து எந்த இரண்டை எடுத்து அந்தச் செயலைச் செய்தாலும் விடை அதே கணத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சோடியைக் கூட்டிக் காட்டினால், அந்தச் சோடிக்கு நடந்தது என்பது மட்டுமே தெரியும். இல்லை என்று மறுப்பதற்குத்தான் ஓர் எடுத்துக்காட்டு போதும்; உண்டு என்று நிறுவப் போதாது.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. ஒரு கோவையைப் பல்லுறுப்புக்கோவை என்று சொல்ல மூன்று நிபந்தனைகள் உண்டு. உறுப்புகள் எண்ணி முடியக்கூடியவையாக இருக்க வேண்டும். மாறியின் அடுக்கு ஒவ்வொன்றும் முழு எண்ணாக இருக்க வேண்டும். கெழுக்கள், அதாவது மாறியோடு பெருகி நிற்கும் எண்கள், நாம் முன்பே சொல்லிவிட்ட எண்கணத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பள்ளிக் கணக்கில் பெரும்பாலும் மெய்யெண்கள். இரண்டு கோவைகளைக் கூட்டும்போது இந்த மூன்றும் நிலைக்கின்றனவா என்று பார்த்தால் முடிந்தது.

ஏதோ ஓர் அடுக்குக்கு முதல் கோவையில் கெழு 'அ', இரண்டாவதில் 'ஆ' என்று வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கு ஒரு கோவையில் இல்லையென்றால் அங்கே கெழு 0. கூட்டினால் அதே அடுக்குக்குக் கெழு அ + ஆ. மெய்யெண்களைக் கூட்டினால் மெய்யெண்தான் வரும். புதிதாக எந்த அடுக்கும் பிறக்கவில்லை. உறுப்புகளின் எண்ணிக்கையும் இரண்டு கோவைகளின் உறுப்புகளைச் சேர்த்த எண்ணிக்கையைத் தாண்டாது. இந்த நாலைந்து வரியை எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கோவையின் அடைவு, கெழுக்களின் அடைவிடமிருந்து வாங்கிய கடன். கெழுக்கள் இயல் எண்களாக மட்டும் இருக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டுப் பாருங்கள்: (2ம + 3) − (5ம + 1) = −3ம + 2. இயல் எண்களில் −3 கிடையாது. கழித்தலில் அடைவு போயிற்று. எந்தக் கணம் என்று சொல்லாமல் 'அடைவு உண்டா' என்று கேட்பது அரைக் கேள்விதான்.

2ம³ + ம² + 4ம − 1, −2ம³ − ம² + ம + 6 இரண்டையும் கூட்டினால் 5ம + 5 வருகிறது. முப்படிக் கோவைகள் இரண்டைக் கூட்டி ஒருபடிக் கோவை வந்தால் அடைவுப் பண்பு உடைந்துவிட்டதுதானே?
— பத்தாம் வகுப்பு மாணவர், ராமநாதபுரம்

எந்தக் கணத்தைப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. 'எல்லாப் பல்லுறுப்புக்கோவைகளும்' என்ற கணத்தில் 5ம + 5 உள்ளே இருக்கிறது, எதுவும் உடையவில்லை. 'படி சரியாக 3 உள்ளவை' (படி என்பது கோவையில் உள்ள மிகப் பெரிய அடுக்கு) என்ற கணத்தில் நீங்கள் சொன்னது சரி, கூட்டலில் அடைவு இல்லை. அதற்கு உங்கள் எடுத்துக்காட்டே நிரூபணம். 'படி 3 அல்லது அதற்குக் கீழ்' என்று வைத்தால் கூட்டலிலும் கழித்தலிலும் மறுபடி அடைவு வந்துவிடும். பெருக்கலில் மட்டும் வராது: ம² × ம² = ம⁴.

பூச்சியத்தையும் பல்லுறுப்புக்கோவை என்று ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். எந்தக் கோவையையும் அதிலிருந்தே கழித்தால் 0 வரும். அதை வெளியே தள்ளினால் கழித்தலின் அடைவும் அதோடு போய்விடும். ஆனால் அதற்குப் படி எது என்று கேட்டால், வரையறுக்கப்படவில்லை என்பதே பதில். 7 என்ற மாறிலிக்குப் படி 0. 0 என்ற கோவைக்கும் படி 0 என்று வைத்தால், பெருக்கும்போது படிகள் கூடும் என்ற விதி முறிந்துவிடும்: ம³ × 0 = 0, அங்கே 3 + 0 = 0 என்று ஆகிவிடும். விடைத்தாளில் இந்த இடத்தில் அடிக்கடி தவறு நடக்கிறது.

கழித்தலில் மட்டும் எப்போதும் விடை தவறுகிறது. கூட்டலும் பெருக்கலும் சரியாக வருகின்றன.
— தனித்தேர்வர், திண்டுக்கல்

குறி மாற்றம் முதல் உறுப்போடு நின்றுவிடுகிறது. பெரும்பாலும் நோய் அதுதான். (4ம³ − 2ம² + 7) − (ம³ − 5ம² + 3ம − 2) என்பதைப் பார்ப்போம். அடைப்பைப் பிரிக்கும்போது ம³ மட்டும் −ம³ ஆகி, மற்றவை அப்படியே இறங்கினால் 3ம³ − 7ம² + 3ம + 5 வரும். பார்க்க அழகான பல்லுறுப்புக்கோவை, விடையோ தவறு.

கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். மேல் வரிசை 4, −2, 0, 7. கீழ் வரிசை 1, −5, 3, −2. மேல் வரிசையில் ம உறுப்பு இல்லாததால் அந்த இடத்தில் 0 போட்டதைக் கவனியுங்கள். இனிக் கீழ் வரிசையின் எல்லாக் குறிகளையும் பென்சிலால் மாற்றிவிடுங்கள்: −1, 5, −3, 2. பிறகு கூட்டல்தான்: 3, 3, −3, 9. விடை 3ம³ + 3ம² − 3ம + 9.

சரிபார்க்க ம = 1 என்று போடுங்கள். முதல் கோவை 9, இரண்டாவது −3, வித்தியாசம் 12. நம் விடை 3 + 3 − 3 + 9 = 12, பொருந்துகிறது. தவறான விடையில் 4 வரும். பத்து விநாடி வேலை. ஆனால் இந்தச் சோதனை பெருக்கலுக்குப் போதாது. ம = 1 என்றால் எல்லா அடுக்குகளும் 1 ஆகிவிடுவதால், ம³ என்று எழுத வேண்டிய இடத்தில் ம² என்று எழுதியிருந்தாலும் பிடிபடாது. அங்கே ம = 2 போடுங்கள்.

மூன்று உறுப்பு கொண்ட இரண்டு கோவைகளைப் பெருக்கும்போது ஏதாவது ஓர் உறுப்பு விட்டுப்போகிறது. சுருக்கு வழி இருக்கிறதா?
— பாலிடெக்னிக் மாணவி, நாகர்கோவில்

சுருக்கு வழியைவிட எண்ணிக்கை உதவும். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது பெருக்கல்கள். ஒன்பதும் தாளில் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டு ஒத்த உறுப்புகளைச் சேருங்கள். ஈருறுப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் 'முதல், வெளி, உள், கடைசி' என்ற வாய்ப்பாட்டை இங்கே கொண்டுவந்தால் நான்கோடு நின்றுவிடும், விட்டுப்போவது அதனால்தான்.

(2ம² − 3ம + 4)(ம² + 2ம − 5) என்பதை வைத்துப் பார்ப்போம்.

2ம² பெருக்கியது: 2ம⁴ + 4ம³ − 10ம²
−3ம பெருக்கியது: −3ம³ − 6ம² + 15ம
4 பெருக்கியது: 4ம² + 8ம − 20

சேர்த்தால் 2ம⁴ + ம³ − 12ம² + 23ம − 20. ம = 2 போட்டால் முதல் கோவை 6, இரண்டாவது 3, பெருக்கல் 18. விடையில் 32 + 8 − 48 + 46 − 20 = 18.

இந்த ஒன்பதில் ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்குகள் கூடுகின்றன, இரண்டு கெழுக்கள் பெருகுகின்றன. முழு எண்ணோடு முழு எண் கூடினால் முழு எண். மெய்யெண்ணை மெய்யெண்ணால் பெருக்கினால் மெய்யெண். பெருக்கலின் அடைவுப் பண்புக்கு நிரூபணமும் இதுவே.

இன்னொன்று: ம = 10 என்று போட்டால் இது நீங்கள் மூன்றாம் வகுப்பில் செய்த பெருக்கல்தான். (ம + 2)(ம² + 3ம + 1) = ம³ + 5ம² + 7ம + 2. பத்தைப் போடுங்கள்: 12 × 131 = 1572. இலக்கங்கள் அப்படியே கெழுக்கள். (3ம + 4)(2ம + 5) = 6ம² + 23ம + 20 என்பதில் மட்டும் சற்று வேறுபாடு தெரியும். 34 × 25 என்றால் 23-இல் இரண்டை அடுத்த இடத்துக்கு எடுத்துச்சென்று 850 என்று எழுதுவோம். கோவையில் அப்படி எடுத்துச்செல்ல முடியாது, 23 அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த வகையில் கோவைப் பெருக்கல் எண் பெருக்கலைவிட எளிது. இதைச் சொன்னால் பல பிள்ளைகள் நம்புவதில்லை.

(ம² − 9) ÷ (ம − 3) = ம + 3. அழகாக வகுபடுகிறது. பிறகு ஏன் வகுத்தலில் அடைவுப் பண்பு இல்லை என்கிறார்கள்? அப்படியென்றால் நீள் வகுத்தலில் நாம் செய்வது என்ன?
— டியூஷன் ஆசிரியை, மதுரை

6 ÷ 3 = 2 என்பதால் முழுக்களுக்கு வகுத்தலில் அடைவு வந்துவிடாது அல்லவா? 7 ÷ 3 அதைக் கெடுத்துவிடுகிறது. இங்கே கெடுப்பதற்கு 1 ÷ ம போதும். அடுக்கு −1 ஆகிறது, அதனால் பல்லுறுப்புக்கோவை இல்லை என்று எழுதுவார்கள். 'வேறு உருவத்தில் எழுதினால் பல்லுறுப்புக்கோவை ஆகாதா' என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால் என்ன செய்வீர்கள்? இதைச் சொல்லுங்கள்: 1 ÷ ம ஒரு பல்லுறுப்புக்கோவை என்றால், அதை ம-ஆல் பெருக்கினால் 1 வர வேண்டும். பெருக்கும்போது படிகள் கூடும். ம-இன் படியே 1, ஆகவே விடையின் படி குறைந்தது 1. ஆனால் 1 என்ற மாறிலியின் படி 0. எந்த உருவத்தில் எழுதினாலும் நடக்காது.

நீள் வகுத்தலில் நாம் தேடுவது ஒரு விடையை இல்லை, இரண்டை: ஈவும் மீதியும். வகுபடும் கோவை = வகுத்தி × ஈவு + மீதி; மீதி பூச்சியமாக இருக்கும், அல்லது அதன் படி வகுத்தியின் படியைவிடக் குறைவாக இருக்கும். ஈவும் மீதியும் பல்லுறுப்புக்கோவைகளே. அந்தச் சமன்பாட்டில் வகுத்தலே இல்லை, பெருக்கலும் கூட்டலும்தான். வகுக்கிறோம் என்று பெயர். நடப்பது திரும்பத் திரும்பப் பெருக்கிக் கழிப்பது. வகுத்தி பூச்சியக் கோவையாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கெழுக்களை மட்டும் வைத்து வகுக்கும் தொகுமுறை வகுத்தலில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது விடுபட்ட அடுக்கில். (2ம³ − 5ம + 4) ÷ (ம + 2) என்றால் வரிசை 2, 0, −5, 4. இடப்பக்கம் −2 (ம + 2 பூச்சியமாகும் மதிப்பு). முதல் 2 இறங்கும். 2 × −2 = −4, 0-உடன் சேர்ந்தால் −4. −4 × −2 = 8, −5-உடன் சேர்ந்தால் 3. 3 × −2 = −6, 4-உடன் சேர்ந்தால் −2. ஈவு 2ம² − 4ம + 3, மீதி −2. மீதித் தேற்றப்படி ம = −2 போட்டுப் பாருங்கள்: −16 + 10 + 4 = −2. பூச்சியத்தை விட்டுவிட்டு 2, −5, 4 என்று எழுதினால் ஈவு 2ம − 9, மீதி 22 என்று வரும். முப்படிக் கோவையை ஒருபடிக் கோவையால் வகுத்தால் ஈவின் படி 2 ஆக இருக்க வேண்டும். 2ம − 9 வந்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும்.

உங்கள் முதல் எடுத்துக்காட்டிலும் ஓர் எச்சரிக்கை. ம = 3 என்றால் (ம² − 9)/(ம − 3) என்பது 0/0; அதற்கு மதிப்பில்லை. ம + 3 என்பதற்கோ அங்கே 6. சுருக்கிய பிறகும் 'ம ≠ 3' என்று பக்கத்தில் எழுதப் பழக்குங்கள். மேல் வகுப்பில் எல்லை என்ற பாடம் வரும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

கெழுக்கள் முழுக்களாக மட்டும் இருந்தால் நீள் வகுத்தல் எப்போதும் நடக்குமா?
— பி.எஸ்சி. மாணவர், வேலூர்

நடக்காது. ம²-ஐ 2ம + 1-ஆல் வகுக்கத் தொடங்கினால் முதல் அடியிலேயே ½ம வேண்டும். வகுத்தியின் தலைக்கெழு (மிகப் பெரிய அடுக்கின் கெழு) 1 அல்லது −1 என்றால் முழுக்களிலும் தடையில்லாமல் நடக்கும். விகிதமுறு எண்களுக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வகையிடல், தொகையிடல், ஒரு கோவைக்குள் இன்னொன்றைப் பிரதியிடல் — இவற்றிலும் அடைவு உண்டா?
— முதுகலை ஆசிரியர், சேலம்

மெய்யெண் கெழுக்களில் மூன்றுக்கும் உண்டு. முழுக் கெழுக்களில் தொகையிடல் வெளியே போய்விடும்: ம-ஐத் தொகையிட்டால் ½ம². பிரதியிடலில் படிகள் பெருகும். இருபடிக் கோவைக்குள் முப்படிக் கோவையைப் போட்டால் படி 6.

√ம + 1, √ம − 1 இரண்டும் பல்லுறுப்புக்கோவைகள் இல்லை. பெருக்கினால் ம − 1 வருகிறது. இது எப்படி?
— வாசகர், கோயம்புத்தூர்

அடைவுப் பண்பு உள்ளே இருப்பவற்றுக்குத் தரும் உறுதி. வெளியே இருக்கும் இரண்டு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. சில நேரம் உள்ளே வரும், சில நேரம் வராது.

ஆனால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று எடுத்துக் கூட்டினால் உறுதியாகச் சொல்லலாம்: விடை எப்போதும் வெளியேதான். கூட்டுத்தொகை பல்லுறுப்புக்கோவையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து உள்ளே இருந்த கோவையைக் கழித்தால், கழித்தலின் அடைவுப் பண்பின்படி மிஞ்சுவதும் பல்லுறுப்புக்கோவையாக இருக்க வேண்டும். மிஞ்சுவதோ வெளியே இருந்த அந்தக் கோவை. முரண்பாடு. ம² + 3 + √ம பல்லுறுப்புக்கோவை இல்லை என்று சொல்ல இந்த இரண்டு வரி போதும். √3 ம² என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே மூலம் கெழுவின் மேல்தான் இருக்கிறது, அது நல்ல பல்லுறுப்புக்கோவை.

1, ம, ம², ம³… எல்லாம் பல்லுறுப்புக்கோவைகள். கூட்டலில் அடைவு உண்டென்றால் 1 + ம + ம² + ம³ + … என்று முடிவில்லாமல் கூட்டினாலும் பல்லுறுப்புக்கோவைதானே?
— பதினொன்றாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

அழகான கேள்வி. அடைவுப் பண்பு இரண்டைப் பற்றிப் பேசுகிறது. இரண்டுக்கு உண்டென்றால் மூன்றுக்கும், நூறுக்கும், கோடிக்கும் உண்டு. முடிவிலிக்கு இல்லை, அங்கே 'உறுப்புகள் எண்ணி முடியக்கூடியவை' என்ற முதல் நிபந்தனையே போய்விடுகிறது. −1-க்கும் 1-க்கும் இடையில் உள்ள மதிப்புகளில் உங்கள் தொடரின் கூடுதல் 1/(1 − ம). வகுத்தலில் வெளியே தள்ளிய அதே ஆள், வேறு வாசல் வழியாக வந்து நிற்கிறார்.

பைத்தானில் பல்லுறுப்புக்கோவைப் பெருக்கலுக்கு நிரல் எழுதினேன். சில நேரம் 'இன்டெக்ஸ் எரர்' வருகிறது. கழித்தலில் படியைத் தவறாகக் காட்டுகிறது.
— கல்லூரி மாணவர், சென்னை

நிரலைப் பார்க்காமலே இரண்டு இடங்களைச் சொல்லலாம். விடைக்கான பட்டியலை, இரண்டில் நீளமானதன் அளவுக்கே ஒதுக்கியிருப்பீர்கள். கூட்டலுக்கு அது சரி. பெருக்கலில் படிகள் கூடுவதால் நீளம் வேறு: 3 கெழுக்களும் 4 கெழுக்களும் பெருகினால் 3 + 4 − 1 = 6 கெழுக்கள். இரண்டு நீளங்களையும் கூட்டி ஒன்றைக் கழித்து ஒதுக்குங்கள்.

படிச் சிக்கல் இரண்டாம் கேள்வியில் சொன்னதுதான். தலைக்கெழுக்கள் அடிபட்டுப்போனால் பட்டியலின் பெரிய அடுக்குப் பக்கம் பூச்சியங்கள் மிஞ்சும். ஒவ்வொரு கழித்தலுக்கும் பிறகு அவற்றை வெட்டுங்கள். எல்லாமே பூச்சியமாகிவிட்டால் பட்டியல் காலியாகும். அந்த நிலைக்குத் தனி விதி எழுதுங்கள். தசமக் கெழுக்களில் 0.1 + 0.2 − 0.3 கணினியில் சரியாக 0 ஆகாது; மிகச் சிறிய ஓர் எண் மிஞ்சும். அதனால் '0-க்குச் சமமா' என்று கேட்காமல், மிகச் சிறியதா என்று கேளுங்கள். முடிந்தால் பின்ன வகையையே பயன்படுத்துங்கள்.

வகுத்தலிலும் அடைவு இருக்கும்படி பல்லுறுப்புக்கோவைகளை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
— பொறியாளர், ஓசூர்

உங்கள் கைபேசியே செய்துகொண்டிருக்கிறது. ஏஇஎஸ் என்ற மறைகுறியீட்டு முறை 2001-இல் அமெரிக்க அரசின் தரநிலையாக வந்தது. இன்று வைஃபை பாதுகாப்பு உட்படப் பல இடங்களில் ஓடுகிறது. அதில் ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளையும், படி 7 வரை போகும் ஒரு கோவையின் கெழுக்களாகப் பார்க்கிறார்கள். கெழுக்கள் 0, 1 மட்டும்; 1 + 1 = 0. ஆகவே கூட்டலும் கழித்தலும் ஒன்றே.

கூட்டினால் எட்டு பிட்டுக்குள்ளேயே நிற்கும். பெருக்கினால் படி 14 வரை போய்விடும், பைட்டில் இடமில்லை. அதனால் ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு ம⁸ + ம⁴ + ம³ + ம + 1 என்ற கோவையால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். வகுத்தியின் படி 8. மீதியின் படி 7-ஐத் தாண்டாது. பெருக்கலின் அடைவு திரும்பக் கிடைத்துவிட்டது. 128 என்ற பைட் ம⁷. 2 என்ற பைட் ம. பெருக்கினால் ம⁸, மீதி ம⁴ + ம³ + ம + 1, அதாவது 16 + 8 + 2 + 1. இந்த உலகத்தில் 128 × 2 = 27.

அந்த வகுத்தியைக் காரணிப்படுத்த முடியாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பயனாக 0 தவிர மற்ற 255 பைட்டுகளுக்கும் தலைகீழி (பெருக்கினால் 1 தரும் துணை) உண்டு. ம-ஐ ம⁷ + ம³ + ம² + 1-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ம⁸ + ம⁴ + ம³ + ம. வகுத்தியைக் கழித்தால் மிஞ்சுவது 1. மதுரை ஆசிரியைக்குச் சொன்ன பதிலில் 1 ÷ ம எந்த உருவத்திலும் பல்லுறுப்புக்கோவை ஆகாது என்றோம். இங்கே அது ம⁷ + ம³ + ம² + 1, பைட்டாக எழுதினால் 141.